இருமாத ஊரைக் கட்டியவன்

ஆறாங்கிளாஸ் அரைப் பரீட்சைக்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. அதற்குப் பிறகு கட்டியதையெல்லாம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் சாலையோரம், ஒரு பூவரச மரத்தடியில், இரவல் ஜாக்கியையும் இரண்டு கடப்பாரையையும் வைத்துக்கொண்டு பஞ்சர் கடை கட்டினேன். புயல் தூக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி கட்டினேன். சாலையை அகலமாக்க வந்தவர்கள் மரத்தையே வெட்டிவிட்டார்கள். மரம் இல்லாமல் கட்டினேன். பிறகு பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை. அதற்குப் பிறகு மாதவரத்தில் லாரியோடு சரக்கை நிறுக்கும் எடைமேடை. திருவொற்றியூரில் மூன்று மாடி வீடு. மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். இரண்டு கிரேனுக்கு நடுவில் இடுக்கு விழுகிற இடத்தில் மட்டும். தலைக்குச் செங்கல் வைத்துப் படுத்தவன், இன்று மூன்று தலையணை வைத்துத் தூங்குகிறேன்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். போன வாரங்களில் இதே பத்திரிகையில் நானே நாலைந்து தடவை சொல்லிவிட்டேன். யாருக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஒரு நாள் காலையில், ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்துக்கு, இருமலே இல்லாத ஊர் ஒன்றையும் நான் கட்டினேன். ஒற்றை ஆளாக.

அது இடிந்து விழுந்த கதைதான் இது.

படகுக்குப் பின்னால்

நெட்டுக்குப்பத்தில், கரைமேல் ஏற்றி வைத்த ஃபைபர் படகு ஒன்றின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். வயது அறுபத்தெட்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் தங்க மூடிப் பேனா. (எழுதுவதற்கு இல்லை, தெரிவதற்கு.) பத்து மணி வெயிலே மண்டையைப் பிளந்தது. படகிலிருந்து பெயின்ட் வாசமும் காய்ந்த செதில் வாசமும் கலந்து வந்தன. அந்தப் பெயின்ட் வாசத்தை நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

படகுக்கு அந்தப் பக்கம், மீன் ஏலம் விடுகிற சிமென்ட் தரையில், என் மகள் யமுனா நின்றுகொண்டிருந்தாள். எதிரே இருபது மாணவர்கள். ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளுடைய பேராசிரியர் அம்மா.

"நைனா, அன்னிக்கு நீ அந்தப் பக்கமே வரக் கூடாது" என்று யமுனா தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. படகுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன்.

அசிஸ்டென்ட் உத்தியோகம்

யமுனா எங்களுக்குக் காலம் தப்பிப் பிறந்தவள். நர்சிங் முடித்துவிட்டு, பொதுச் சுகாதாரம் என்று ஒரு முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். அது என்ன படிப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை.

"டாக்டரா ஆவியா?"

"இல்ல நைனா. டாக்டரு ஒவ்வொருத்தரா பாப்பாங்க. நாங்க ஊரையே பாப்போம்."

"ஊரப் பாக்க படிப்பு எதுக்கு? மொட்ட மாடில நின்னா தெரியுதே."

முதல் வருஷம் முடிகிற சமயம், ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"டீச்சிங் அசிஸ்டென்ட் போஸ்ட் ஒண்ணே ஒண்ணு கீது. போட்டுக்கீறேன்."

"அசிஸ்டென்ட்டா? இவ்ளோ படிச்சிட்டு லாரில கிளீனர் மாரி போறியா?"

"அப்டியே வெச்சுக்கோ. வண்டி ஓட்றது புரொபசரு. நா கீழ எறங்கி, வா வா, இன்னும் வா, போதும்னு தட்டுவேன்."

என் மனைவி கஸ்தூரி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "கிளீனர் தட்டலன்னா வண்டி சொவத்துல முட்டும். உன்னிய மாரி. நீ போடு கண்ணு."

பிறகு யமுனா விளக்கினாள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு நடத்த வேண்டும், அவர்கள் எழுதியதைத் திருத்த வேண்டும், சந்தேகம் கேட்டால் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அதற்குப் பதிலாக இரண்டாம் வருஷக் கட்டணம் கிடையாது, கைச்செலவுக்கும் கொஞ்சம் கொடுப்பார்கள். நாளைக்கு அவள் ஆசைப்படுகிற விரிவுரையாளர் வேலைக்கு அது முதல் படி.

"அது கெடைக்கலன்னா?"

"படிப்ப ஒரு வருஷம் நிறுத்திட்டு வேலைக்குப் போவேன்."

"இன்னாத்துக்கு? நான் இன்னா செத்தா பூட்டேன்? நாளைக்கே கட்றேன்."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள். "ஸ்கூலு ஆண்டு விழாவுக்கு லாரில சேர் அனுப்ன. எனக்கு பிரைஸ் குடுத்தாங்க. காலேஜி ஹாஸ்டலுக்கு மோட்டார் வாங்கிக் குடுத்த. எனக்கு ஜன்னலோர ரூமு. நா எங்க போயி நின்னாலும் எடமேடைக்காரரு பொண்ணு. இது ஒண்ணாச்சும் என்னுதா இருக்கட்டும் நைனா."

மோட்டார் ஒன்றரைக் குதிரைச் சக்தி. அதை அவள் சொல்ல மறந்துவிட்டாள், நான் சொல்லிவிடுகிறேன்.

மூன்று பேர் விண்ணப்பித்திருந்தார்கள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு நாள் வகுப்பு நடத்திக்காட்ட வேண்டும், வெளியிடத்தில், அரை நாள். யமுனா நெட்டுக்குப்பத்தைத் தேர்ந்தெடுத்தாள். நான் பிறந்த குப்பம். பக்கத்தில் உயரமான புகைபோக்கிகள். காற்று திரும்பினால் காயப்போட்ட துணியில் சாம்பல் பொடி படியும். வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் இருமல் உண்டா, என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுவார்கள். எழுதியதை வைத்து அவள் பாடம் நடத்துவாள். அவ்வளவுதான் திட்டம்.

ஊர் கூடினால்

இங்கே எங்கள் குப்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியாள் கணக்கெடுக்க வருகிறான் என்று தெரிந்தால், முதல் நாளே கோயில் முன்னால் கூடி, என்ன சொல்வது என்று ஊர் முடிவு செய்துவிடும். எல்லாரும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

இது ஏமாற்று வேலை இல்லை. நான் அரை டிராயர் போட்ட காலத்தில் ஒரு புயல் அடித்தது. நஷ்டக் கணக்கு எழுத ஒரு அதிகாரி நோட்டோடு வந்தார். ஒருவர் மூன்று வலை போச்சு என்றார். பக்கத்து வீட்டுக்காரர், அவனுக்கு எப்போ மூன்று வலை இருந்தது என்றார். இன்னொரு பெரியவர், வலையும் படகும் போய் வெறுங்கையோடு நின்றவர், ரோஷத்தில் "எனக்கு ஒண்ணும் போவல" என்றார். அதிகாரி நோட்டை மூடினார். "முதல்ல நீங்க பேசி முடிங்க" என்று போனவர் திரும்பி வர மழைக்காலம் முழுக்க ஆயிற்று. அன்றிலிருந்து இந்த வழக்கம். அந்த ரோஷக்காரப் பெரியவர் என் அப்பா.

ஆக, யமுனாவின் வகுப்புக்கு இரண்டு நாள் முன்னால், அவளுக்குத் தெரியாமல், நான் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினேன்.

எடைமேடைக்கு முத்திரை வைக்க அதிகாரி வருகிற நாளில் நாங்கள் தரையைக் கழுவி, தராசுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டுவோம். பார்க்கிறவர் கண்ணுக்கு இடம் பளிச்சென்று இருந்தால் முத்திரை சுலபமாக விழும். ஊர் பளிச்சென்று இருந்தால் மகளுக்கு மார்க்கு விழும். என் கணக்கு இது.

"நம்ம யமுனாவுக்குப் பரீட்ச. பசங்க வூடு வூடா வந்து கேப்பாங்க. தண்ணிய இருவது நிமிசம் கொதிக்க வெச்சு, வடிகட்டி, மூடி வெச்சுக் குடிக்கிறோம்னு சொல்லணும். இருமலு யாருக்கும் கெடையாது."

"எனக்குக் கீதே" என்றார் தேசம்மாக்கா. என் பெரியம்மா மகள். எழுபதைத் தாண்டியவர், இன்னும் நண்டுக் கூடை தூக்குகிறவர். குப்பத்தில் அவர் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும்.

"அன்னிக்கு ஒரு நாளு வேணாங்கா."

"இருமலு இன்னா உன் கடை ஆளாடா, லீவு குடுத்தா வூட்டுக்குப் போவ?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. தொண்டைக்கு இதமான மிட்டாய் டப்பாக்கள் மூன்றைப் பிரித்து, ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். வாயில் அடக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரம் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தண்ணீர் வைக்க மூடி போட்ட புது டிரம் பத்து இறக்கினேன்.

தேசம்மாக்கா மிட்டாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி போ. கொயந்த பாஸ் ஆவணும். ஒரு காலைக்கு நாங்க யாரும் இருமல."

ஊர் முடிவு செய்துவிட்டது.

நாற்பது சீட்டு

மறுபடி படகுக்கு வருகிறேன்.

பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வீடாக நாற்பது வீடு முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். சீட்டுகளை ஏலத் தரையில் வரிசையாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் வலை ஈயக்குண்டுகளை மேலே வைத்தாள் யமுனா. அவள் வைத்த அழகைப் பார்த்தேன். அப்பன் கை.

பேராசிரியர் அம்மா எழுந்து வந்து வரிசையோடு நடந்தார்.

"இருமல் இல்லை. இருமல் இல்லை. இல்லை. இல்லை." நின்றார். "யமுனா, நாற்பது வீட்லயும் ஒருத்தருக்குக்கூடவா இருமல் இல்லை?"

யமுனா குனிந்து சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி. 'இருபது நிமிஷம் கொதிக்க வச்சு, வடிகட்டி, மூடி.' அடுத்த வீட்லயும் அதே. அதுக்கடுத்த வீட்லயும் அதே. ஒரு வார்த்தைகூட மாறலையே."

படகுக்குப் பின்னால் எனக்குப் பெருமை பொங்கியது. நான் சொல்லிக்கொடுத்ததை ஒருவர்கூட மறக்கவில்லை!

கண்ணாடி போட்ட ஒரு மாணவி தயங்கிக் கை தூக்கினாள். "மேம், இன்னொண்ணு. எல்லா வீட்லயும் ஒரே மாதிரி வாசனை வந்தது. புதினா மிட்டாய் மாதிரி."

அப்போதுதான் யமுனாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கோபப்பட்டால் எனக்குப் பழக்கம். இது கோபம் இல்லை. சின்ன வயதில் பரிசுக் கோப்பையை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கியபோது இருந்த முகம். அன்றைக்கு அது சந்தோஷம் என்று நான் நினைத்திருந்தேன்.

எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்துத் தொண்டைக்குள் புழு நெளிவது போல ஒரு அரிப்பு. சட்டைப் பையில் கை விட்டேன். தங்க மூடிப் பேனா இருந்தது. மிட்டாய் இல்லை. மூன்று டப்பாவையும் ஊருக்குக் கொடுத்தவன் எனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை.

வாயைப் பொத்தினேன். மூச்சைப் பிடித்தேன். கண்ணில் நீர் கட்டியது. பிறகு இருமினேன். சாதாரண இருமல் இல்லை. குளிர்காலத்தில் பழைய லாரி கிளம்புவது போல, நின்று, மறுபடி கிளம்பி, மறுபடி நின்று.

ஏலத் தரை முழுக்கப் படகைத் திரும்பிப் பார்த்தது.

"நைனா" என்றாள் யமுனா. "வெளிய வா."

வந்தேன். முட்டி பிடித்துக்கொண்டதால் பாதி குனிந்தபடியே வந்தேன். பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்தினார்கள், பிறகு முடியாமல் சிரித்தார்கள். படகுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் சாய்ந்திருந்ததில் அது வேட்டியின் பின்பக்கம் முழுக்க ஒட்டியிருந்தது.

எடைமேடைப் பாடம்

அவள் மறைத்திருக்கலாம். யாரோ ஊர்க்காரர் என்று சொல்லியிருக்கலாம்.

"மேம், இவர் எங்க அப்பா. நாற்பது வீட்டுக்கும் பதில் சொன்னது இவர் ஒருத்தர்தான்னு நினைக்கிறேன். நீங்க சொன்னா கிளாஸ இங்கயே நிறுத்திடறேன்."

பேராசிரியர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அது உங்க கிளாஸ்தான்."

யமுனா பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"எங்க அப்பா ஒரு எடைமேடை வச்சிருக்கார். அஞ்சாறு வருஷத்துக்கு முன்ன ஒரு நாள், வெளியூர் போயிட்டு வந்து சீட்டுகளைப் பார்த்தார். மணல் லாரி ஏழு. ஏழுக்கும் ஒரே எடை. ஒரு கிலோகூட வித்தியாசம் இல்ல. லாரிங்க அப்பவே போயிடுச்சு. அவர் எதையும் பார்க்கல. ஆனா எடை போட்டவரை அப்பவே வேலைய விட்டு அனுப்பிட்டார். என்ன சொன்னார் தெரியுமா? ஒரே லாரி ரெண்டு தடவ ஏறினாலே எடை மாறும், நடுவுல டிரைவர் டீ குடிச்சிருப்பான். ஏழும் ஒண்ணா இருந்தா யாரும் மேடைல ஏறலன்னு அர்த்தம்."

இது நான் சொன்னதுதான். வரி தப்பாமல் சொன்னாள். பதினேழு பதினெட்டு வயதில் மூலையில் உட்கார்ந்து மொபைல் நோண்டிக்கொண்டிருந்த பெண் இதையெல்லாம் கேட்டாளா?

"இந்த நாற்பது சீட்டும் அதேதான்" என்றாள். "எல்லாரும் ஒரே பதில் சொன்னா சந்தோஷப்படாதீங்க. யாரும் மேடைல ஏறல."

"அப்ப இவங்க பொய் சொன்னாங்களா?" என்றான் ஒரு மாணவன்.

"எனக்கு உதவி செஞ்சாங்க. இருமல் இருக்கான்னு கேட்டா மானம் பார்ப்பாங்க. நாமதான் வேற மாதிரி கேக்கணும்." பக்கத்தில் நின்ற தேசம்மாக்காவிடம் போனாள். "அத்த, காலைல எழுந்ததும் மொத வேல இன்னா செய்வ?"

தேசம்மாக்கா என்னைப் பார்த்தார். ஊர் முடிவு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வாயிலிருந்த மிட்டாயை எடுத்து முந்தானையில் முடிந்தார்.

"மொத வேலயா? அர மணி நேரம் குந்திகினு இருமுவேன். அப்பால தான் அடுப்பு. இவன் சொன்னான்னு காலைலேர்ந்து அடக்கிகினு கீறேன், உசுரு போவுது." சொல்லிவிட்டு ஆசை தீர இருமினார்.

அவ்வளவுதான். பக்கத்து வீடு, எதிர் வீடு, கோயில் வாசல் என்று அடக்கி வைத்த இருமல் எல்லாம் வெளியே வந்தது. தண்ணி லாரி வராத நாளில் என்ன செய்கிறார்கள், கேஸ் தீர்ந்தால் எதை எரிக்கிறார்கள், என் புது டிரம்மில் நெத்திலிக் கருவாடு போட்டிருப்பது வரை எல்லாம் வந்தது. பிள்ளைகள் புது சீட்டு எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஒரு சீட்டு மிஞ்சியது. யமுனா அதை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வூட்டு எண்" என்றேன் நான், சூழ்நிலையைக் கொஞ்சம் இளக்க. "படகுக்குப் பின்னால்னு போட்டுக்கோ."

அவள் சிரிக்கவில்லை. "இருமலு இருக்கா?"

"அது இன்னா இருமலு? தூசி."

எழுதவில்லை. பேனாவைச் சீட்டின் மேல் வைத்தபடி காத்திருந்தாள். பிறகு கேட்டாள். "படுக்கச் சொல்லோ எத்தினி தலகாணி வெப்ப?"

மூன்று தலையணை. முதலாளி என்றால் மூன்று தலையணை என்று அவளிடமே எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன். ஒன்றில் படுத்தால் மூச்சு முட்டும் என்பது கஸ்தூரிக்கு மட்டும் தெரியும். எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. எல்லாம் போய் நின்றுகொண்டு, ஒன்றும் போகவில்லை என்றவர்.

"மூணு" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"நீ அஞ்சாங்கிளாஸ் படிக்கச் சொல்லோ."

எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாகப் போயிற்று.

சீட்டை எட்டிப் பார்த்தேன். "இன்னா, என் பேரே காணோம்?"

"பேருக்கு எடமில்ல நைனா. எல்லாருக்கும் நம்பருதான். நீ நாப்பத்தொண்ணு."

யார் கட்டியது

அவள் கல்லூரி வேனில் போனாள். நான் காரில் சீட்டின் மேல் பேப்பர் விரித்து உட்கார்ந்து போனேன். வீட்டில் இரண்டு வாரம் என்னோடு பேச்சில்லை, பேசியது ஒரே ஒரு வாக்கியம், "நாளைக்கு ஆஸ்பத்திரி, கெளம்பு." அங்கே மூச்சின் பலம் பார்க்க ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். லாரி டியூபையே வாயால் ஊதினவன் என்று சொல்லிவிட்டுத்தான் ஊதினேன். குழாயைப் பிடித்திருந்த நர்ஸ் பெண், "ஐயா, இப்ப ஊதுங்க" என்றாள். நான் ஊதி முடித்திருந்தேன்.

இப்போது இன்ஹேலரில் மருந்து இழுக்கிறேன். தலையணை இரண்டாகக் குறைந்திருக்கிறது. அந்தஸ்தில் இது இறக்கம்தான்.

வேலை யமுனாவுக்குத்தான் கிடைத்தது. மற்ற இருவரும் சீட்டு நிரப்பக் கற்றுக்கொடுத்தார்கள், இவள் எந்தச் சீட்டை நம்பக் கூடாது என்று கற்றுக்கொடுத்தாள் என்று பேராசிரியர் அம்மா சொன்னாராம். சேதி வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் என்றால் அது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

புதுப் பிள்ளைகளுக்கு இப்போது முதல் வகுப்பே இருமாத ஊர்தானாம். திரையில் நாற்பது சீட்டின் படம் விழுமாம். கீழே ஒரு வரி, 'உள்ளூர்ப் பெரியவர் ஒருவரின் தலையீட்டால்' என்று. அவள் அசந்திருந்த நேரம் லேப்டாப்பில் பார்த்துவிட்டேன்.

"ஒருவரா? எந்த ஒருவரு? பேரப் போடு."

"பேரு போடக் கூடாது நைனா, அதான் ரூலு. போட்டா நா திரும்ப எடமேடைக்காரரு பொண்ணு."

அவள் சொல்வது நியாயம். அந்த உத்தியோகம் அவளுடையது. அங்கே ஒரு நாற்காலிகூட நான் அனுப்பவில்லை. ஆனால் பொய் யாருடையது? ஏழு லாரிக் கதை யாருடையது? படகுக்குப் பின்னாலிருந்து வந்த இருமல் யாருடையது? என் ஊர் இடிந்த இடத்தில் நின்றுதானே அவள் பாடம் நடத்துகிறாள்? இடிந்தாலும் கட்டியவன் கட்டியவன்தான்.

ஆகவே அந்தப் பேராசிரியர் அம்மா இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர் என்றால் என் கோரிக்கை இது. படத்தின் கீழே ந. ஏகாம்பரம், ஆறாங்கிளாஸ், எடைமேடை என்று போட வேண்டும். விதி இடம் கொடுக்காது என்றால் நான் வம்பு செய்யவில்லை. நாற்பத்தொன்று என்று போடுங்கள் போதும். எழுத்து மட்டும் மற்ற நாற்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.